சுட்ட பழம்

நாவல் மரத்தின் மேலிருந்த சிறுவன் ஒளவைப் பாட்டியை நோக்கி, சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பாட்டி சுட்ட பழத்தைக் கேட்டாள், மணலில் விழுந்ததை எடுத்து ஊதினாள், சிறுவன் நகைத்தான். அக்கதையைக் கேட்டு வளர்ந்ததனாலோ என்னவோ, பழத்தைச் சுட்டுத் தின்பது என்ற எண்ணமே நமக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. காயைக் கறியாக்கலாம், கிழங்கைத் தணலில் வாட்டலாம். பழத்தை மட்டும் மரம் தந்தவாறே உண்ணல் வேண்டும் என்பது நம்மவரிடையே எழுதாச் சட்டம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் வருக்கைப் பலாவுக்கும் அச்சட்டம் தகும். அப்பிளுக்குத் தகாது என்பதே என் கட்சி. அப்பிளைச் சுட்டே உண்ணல் வேண்டும். அதனையும் இந்த நாட்டில் சுடும்போது கித்துள் பாணி சேர்த்தே சுடல் வேண்டும். முதற் பகுதியை ஒப்புவோர் பலர் இருக்கலாம். இரண்டாம் பகுதியைப் பற்றியே நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

அப்பிள் நம் வீடுகளில் உண்ணப்படுவதைக் காட்டிலும் சுமக்கப்படுவதே மிகுதி என்று தோன்றுகிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் நான்கு அப்பிளை ஒரு பையிலிட்டுக் கொண்டுபோகிறார். நோயாளிக்கோ அதனைக் கடிக்கத் திராணியில்லை. அது கட்டிலருகிலுள்ள சிறு மேசையில் இரண்டு நாள் இருந்து, பின்னர் வீட்டுக்குத் திரும்புகிறது. அர்ச்சனைத் தட்டிலும் அது வாழைப்பழத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவே ஏறி அமர்ந்துகொள்கிறது. கலியாண வீட்டுச் சீர்வரிசையில் பளபளப்பாகத் துடைக்கப்பட்டுக் கோபுரம் போல அடுக்கப்படுகிறது. இத்தனைக்கும் பின்னர் அதனைத் தின்றவர் யார் என்று கேட்டால் எவருக்கும் நினைவிராது. அதன்மீது ஒட்டப்பட்டுவரும் சிறு முத்திரைத்தாளைப் பிய்த்து நெற்றியில் பொட்டாக வைத்துக்கொள்ளும் குழந்தைகள்தாம் அப்பழத்தினால் உண்மையான இன்பம் பெறுவோர்.

இந்த மரியாதைக்குக் காரணம் சுவையன்று, அருமையேயாம். அப்பிள் மரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு குளிர் உறக்கம் வேண்டும். வழக்கமான வகைகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 1,000 மணிநேரம் 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் கிடைத்தாலன்றி அரும்புகள் ஒழுங்காக அவிழா. அதன் தாய்நிலம் நடு ஆசியாவிலுள்ள தியான்சான் மலைச்சாரல். இன்றைய கசக்ஸ்தானத்தின் காடுகளில் அதன் மூதாதை மரங்கள் இன்னும் நிற்கின்றன. அத்தகைய மரத்துக்கு, தை மாசியில் சில விடியற்காலைகளில் மட்டும் புல்லில் உறைபனி காணும் நம் நுவரெலியாவின் குளிர்கூட ஒரு கோழித்தூக்கத்துக்கே போதும். ஆதலின் நாம் உண்ணும் அப்பிள் பெரும்பாலும் கப்பலில் வருவதே. முன்னாளில் மெல்லிய தாளிற் சுற்றி மரப்பெட்டியில் அடைத்துக் கொழும்பில் இறக்கினார்கள். நத்தார்க் காலத்தில் பெட்டி உடைக்கப்படும் கடையின் வாசனை தெருக்கோடி வரைக்கும் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1970 தொடக்கம் 1977 வரையான ஆட்சியில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது அப்பழம் படத்தில் மட்டும் காணும் பொருளாயிற்று. 1977க்குப் பின் கதவு திறந்தது. அப்பிள் பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டி வரைக்கும் இறங்கிவந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றிப் பல நூறு பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில் மீண்டும் ஏறிப்போயிற்று. இன்று மறுபடியும் கடைகளில் இருக்கிறது. கதவு திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அதன் இயல்பு அது. இதனை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இவ்வளவு பெருமையோடு வரும் பழத்தின் சுவைதான் என்ன? மரத்திலிருந்து பறித்தபின் அப்பிளைக் குளிரறைகளில், பிராணவாயுவைக் குறைத்து, மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதன்பின் கப்பல், அதன்பின் கொழும்புக் கிடங்கு, அதன்பின் லொறி, ஈற்றில் வெயிற்படும் கடைத்தட்டு. பச்சையாகக் கடிக்கும்போது ஈரமான மாவைத் தின்பது போலிருந்தால் அதற்குக் கடைக்காரரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. அந்நிலையை அடைந்த பழத்துக்கு உய்வு நெருப்பில்தான் உண்டு. மேல்நாட்டார் இதனை எப்போதோ அறிந்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் பறித்துப் பரணிலும் நிலவறையிலும் வைத்த பழம் மார்கழியில் தோல் சுருங்கிப்போகும். அதனை நடுவே குடைந்து, வற்றல் பழமும் சர்க்கரையும் அடைத்து, வீட்டைச் சூடாக்கும் அடுப்பின்மீதே வைத்துவிடுவார்கள். செருமானியர் நத்தார்க் காலத்தில் இவ்வாறு செய்வதற்குப் பிராட்டப்ஃபெல் என்று பெயர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தத்தம் முறையில் செய்வர். ஆக, இது அரண்மனைப் பண்டமன்று. சுருங்கிய பழத்தை வீசியெறிய மனமில்லாத குடியானவன் வீட்டுப் பண்டம். நம் நாட்டில் விடுதிகளின் உணவுப் பட்டியலில் வெள்ளைத் தட்டும் வெள்ளிக் கரண்டியுமாக அதனைக் காண்பவர்கள் இதனை மறந்துவிடக்கூடாது.

இனிச் செய்முறை. நான் எழுதப்போவது ஆறு பழத்துக்கான கணக்கு.

நல்ல புளிப்புள்ள பச்சை அப்பிள் கிடைத்தால் அதுவே முதன்மையானது. கிரானி ஸ்மித் என்னும் அப்பச்சைப் பழம் 1868 அளவில் அவுஸ்திரேலியாவில் சிட்னிக்கு அண்மையில் ஸ்மித் என்ற மூதாட்டி ஒருவரின் தோட்டத்தில், கழித்துப்போட்ட பழங்களின் விதையிலிருந்து தானாக முளைத்தது என்பர். நமக்கு நாவற்பழத்துக்கு ஒரு பாட்டி போல அவர்களுக்கு அப்பிளுக்கு ஒரு பாட்டி. நெருப்பிலும் அது உருக்குலையாமல் நிற்கும். ஆயின் அது கொழும்பிலும் கண்டியிலும் பெருங்கடைகளில் கிடைப்பதேயன்றிச் சிற்றூர்க் கடைக்கு எளிதில் வருவதில்லை. அங்கே சிவப்புத்தான். சிவப்பென்றால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அரைத் தேசிக்காயின் புளி சேர்த்துவிட்டால் குறை தீரும். பழம் கொஞ்சம் தளர்ந்திருப்பதும் குற்றமன்று. அழுகல் மட்டும் கூடாது.

பழத்தை வெந்நீரில் கழுவித் துணியால் அழுந்தத் துடைத்தல் வேண்டும்; பளபளப்புக்காகப் பூசிய மெழுகு ஓரளவு போகும். காம்புப் பக்கத்திலிருந்து கத்திமுனையால் வட்டமாகக் குடைந்து, விதையறையைத் தேக்கரண்டியால் தோண்டி எடுத்துவிடுக. அடிப்புறம் ஓட்டையாகக் கூடாது. பழம் ஒரு சிறு கிண்ணம் போலாதல் வேண்டும். பின்னர் அதன் இடுப்பைச் சுற்றித் தோலில் மட்டும் படும்படி ஒரு கீறல் இடுக. பலர் இதனை வீண் வேலையென்று விட்டுவிடுகிறார்கள். அப்பிள் நீரில் மிதப்பதை நாம் கண்டிருக்கிறோம்; அதன் கனவளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்று. சூடேறக் காற்று விரியும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகும், தோலோ இடம் கொடாது. கீறல் இல்லையேல் பழம் தான் விரும்பிய இடத்தில் வெடித்து, உள்ளே வைத்த பொருளையெல்லாம் வெளியே தள்ளிவிடும்.

உள்ளே அடைப்பதற்குப் பன்னிரண்டு கஜுப் பருப்பைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி முந்திரிகை வற்றலுடன் சேர்த்து, அரைத் தேக்கரண்டி கறுவாத் தூள் தூவி, சாதிக்காயை இரண்டு இழுப்பு உரசிப் போட்டுத் தேசிப்புளி விட்டுப் பிசைந்துகொள்க. ஏலக்காய் போடலாமா என்று ஒரு கேள்வி எப்போதும் எழும். ஏலம் வட்டிலப்பத்துக்கு உரியது; அங்கே தேங்காய்ப்பாலும் முட்டையும் அதனைத் தாங்கும். அப்பிள் தாங்காது. கிண்ணம் போன்ற பழத்தில் இக்கலவையை நிரப்பி, ஒவ்வொன்றின் தலையிலும் நெல்லிக்காயளவு வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணியும் இட்டு, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றிய தட்டத்தில் நிறுத்தினால் வேலை முடிந்தது.

மின் போறணை உள்ளவர்கள் 180 பாகை செல்சியசில் 40 முதல் 50 நிமிடம் வைத்தாற் போதும். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டுவதில்லை. மேலும் கீழும் தணலிட்டுச் சுடும் முறை நம் அப்பக்காரிகள் அறிந்த பழைய முறையே. கனத்த அடியுள்ள மண்சட்டியில் இரண்டு விரலளவு மணலைப் பரப்பி, நடுவே கம்பி வளையம் ஒன்றை வைத்து, அதன்மேல் பழத்தட்டத்தை வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைக் குவித்துவிடுக. அடியில் மெல்லிய நெருப்பே போதும். ஒரு மணிநேரத்துக்குச் சற்று முன்பாகவே கறுவா மணம் குசினியைக் கடந்து முற்றத்துக்கு வந்துவிடும். ஆவியில் அவித்தால் ஆகாதா என்று கேட்பவருக்கு ஒரு சொல்: ஆகும், ஆனால் அது அவித்த அப்பிள். பாணி தோலிற் பட்டுச் சிவந்து, ஓரங்கள் கொஞ்சம் கருகி, அடியில் பாகு இறுகுவது உலர்ந்த சூட்டில் மட்டுமே நிகழும். இடையில் இருமுறை மூடியைத் திறந்து, தட்டத்தில் வடிந்த சாற்றைக் கரண்டியால் மொண்டு பழத்தின்மேல் ஊற்றல் வேண்டும். அவ்வளவுதான் பக்குவம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யலாம்.

இப்போது என் வாதத்தின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். பாணிக்குப் பதிலாக வெள்ளைச் சீனி போட்டால் என்ன? ஆங்கிலேயர் போடுகிறார்களே, டின்னில் வரும் பொன்னிறப் பாகையும் ஊற்றுகிறார்களே என்று என் உறவினர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். போடலாம், இனிக்கும். இனிப்பதற்கு மேல் சீனிக்கு வேறு ஒன்றும் தெரியாது. நல்ல கித்துள் பாணியிலோ புகையின் சாயல் உண்டு, மெல்லிய கசப்பு ஒன்று உண்டு, நாவின் அடியில் சிறு புளிப்பும் உண்டு. நெடும் பயணத்தில் தன் புளிப்பையும் மணத்தையும் இழந்துவந்த பழத்துக்கு இழந்தவற்றையெல்லாம் ஈடுசெய்வது அதுவே. அப்பிளை விருந்தாளி என்று வைத்துக்கொண்டால், பாணியும் கறுவாவும் சாதிக்காயும் வீட்டுக்காரர். ஐரோப்பியன் தன் அப்பிளுக்குக் கறுவாவைத் தேடிக் கடல்கடந்து வந்தான். போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்ததில் கறுவாவுக்கு இருந்த பங்கு சரித்திரம் படித்தவர் அறிந்ததே. 2022இல் ஐரோப்பிய ஒன்றியமே சிலோன் கறுவா என்ற பெயருக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. கறுவாவுக்கு ஊரும் உலகும் காவல். கித்துளுக்கோ காவல் யாருமில்லை.

நான் பாணி வாங்குவது மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமப் பக்கத்திலிருந்து. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியே ஏறி, எந்நேரமும் காற்று வீசும் றிவஸ்ரனைக் கடந்து, பிட்டவலப் பத்தனைப் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் தாண்டி இறங்கினால் லக்கலைப் பல்லேகம. நக்கிள்ஸ் மலைத்தொடரின் முதுகைக் கடந்து மறுபுறம் இறங்கும் பாதை அது. மேலே காட்டினுள் முன்னாளில் ஏலம் விளைத்தார்கள். காய்களை உலர்த்திய போறணைகளின் இடிந்த சுவர்கள் மரங்களுக்கிடையே தெரியும். 2000ஆம் ஆண்டில் அம்மலைக்காடு பேணற்காடாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிற்று. காட்டுக்குக் கீழே கிராமத்தவர்களின் வீட்டுத் தோட்டங்கள். பலாவும் கமுகும் மிளகும் சாதிக்காயும் கித்துளும் ஒன்றன் நிழலில் ஒன்றாக நிற்கும் அத்தோட்டங்களைத் தோட்டம் என்பதா, காடு என்பதா என்று பார்ப்பவருக்கு விளங்காது. ஆங்கிலக் கைதியாகக் கண்டி இராச்சியத்தில் 1660 தொடக்கம் 1679 வரை இருந்த றொபட் நொக்ஸ், கித்துளின் சாற்றையும் அதிலிருந்து காய்ச்சும் கருப்பட்டியையும் தன் நூலில் வியந்து எழுதியிருக்கிறான். அந்த இனிப்பு மலைநாட்டுக்கு அவ்வளவு பழையது.

அந்தப் பழைய பல்லேகம இன்று நீருக்கடியிற் கிடக்கிறது. மொரகஹகந்த–களுகங்கைத் திட்டத்தின்படி களுகங்கை மறிக்கப்பட்டது. (களுத்துறையிற் கடலோடு கலக்கும் பெரிய களுகங்கையோடு இதனை மயங்கக்கூடாது, இது வடக்கே ஓடி அம்பன் கங்கையிற் சேர்வது.) 2018 ஜனவரியில் மேட்டு நிலத்தில் புதிய நகரம் திறக்கப்பட்டது, பசுமை நகரம் என்று பெயரும் இடப்பட்டது. அதே ஆண்டில் அணைக்குள் நீர் ஏறிற்று. கடைத்தெருவும் வயலும் வீட்டுத் தோட்டங்களும் மூழ்கின. வறண்ட வலயத்து வயல்களுக்கு நீர் வேண்டாமென்று சொல்லும் மூடன் நானல்லேன். புதிய நகரின் தெருக்கள் அகலமானவை, கட்டடங்கள் ஒழுங்கானவை. அங்குள்ள கடையில் அப்பிள் வாங்கலாம். அதே முத்திரைத்தாள் ஒட்டிய சிவப்பு அப்பிள், கொழும்பிலுள்ளதைப் போலவே.

கித்துள் பாணி அப்படிக் கிடைப்பதில்லை. அதற்குக் காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தமிழில் கூந்தற்பனை என்று வழங்கும் கித்துள், நட்டு 10 முதல் 15 ஆண்டுகள் ஆனபின்னரே முதற் பாளை விடும். தென்னையைப் போல அது ஆண்டாண்டாகப் பலன் கொடுத்துக்கொண்டேயிருப்பதுமன்று. உச்சியில் முதற் பாளை. பின்னர் அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. இவ்வாறு மேலிருந்து கீழ்நோக்கிச் சில ஆண்டுகள் பூத்து, கடைசிப் பாளையோடு மரமே பட்டுப்போகும். ஒரு வாழ்நாளில் ஒருமுறை பூக்கும் மரம் என்று சொல்லலாம். ஆகவே கித்துளை நம்பிப் பிழைப்பவனுக்கு ஒரு மரம் போதாது. இன்று பூப்பது ஒன்று, ஐந்தாண்டில் பூப்பது ஒன்று, தன் மகனுக்காக நிற்பது ஒன்று என்று எல்லா வயது மரங்களும் வேண்டும். வீட்டுத் தோட்டம் என்பது அந்த வரிசைதான். 2018இல் புதிய மண்ணுக்குப் போன அன்றே கன்று நட்டவருக்கும் 2028க்கு முன் பாளை காண்பது அரிது. இழப்பீட்டுக் கணக்கில் ஒரு மரத்துக்கு ஒரு விலை எழுதலாம். வரிசைக்கு என்ன விலை எழுதுவது?

அவ்வூரில் எனக்குப் பாணி தரும் முதியவர் சிங்களவர். தம் குடும்பத்தின் பழைய மரங்கள் நீரில் நின்றபடியே பட்டுப்போனதைப் பார்த்தவர். இப்போது மலையடியிலுள்ள உறவினர் தோட்டத்து மரங்களில் ஏறுகிறார். "பிள்ளைகள் ஏறமாட்டார்கள், மாஸ்டர், ஏறச் சொல்லவும் எனக்கு மனமில்லை" என்றார் ஒருமுறை. குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? காட்டுக்கொடியைக் கட்டி, நெடுமரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளையைப் பக்குவப்படுத்திச் சீவி, சாறு புளிக்காதிருக்க முட்டியில் ஹல் மரப்பட்டையை இட்டு, இறக்கியதை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினால் முட்டி நிறையச் சாறு போத்தலின் அடியிற் சில விரற்கடை பாணியாக வற்றும். கால் தவறினால் உயிர் போகும். அந்தப் போத்தலை அவர் சொல்லும் விலைக்கு வாங்க நமக்கு மனம் வருவதில்லை. பெருந்தெருவோரத்தில் பாதி விலைக்கு வேறொன்று நிற்கிறதே என்கிறோம். அந்த வேறொன்று பெரும்பாலும் சீனியைக் கருக்கிக் காய்ச்சி நிறமேற்றியது; கித்துள் அதனைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கக்கூடும்.

இங்கேதான் நம் கையில் ஒரு சிறு வேலை இருப்பதாக நான் கருதுகிறேன். ஆறு அப்பிளுக்குச் செலவாகும் பாணி ஆறு மேசைக்கரண்டி. பண்டத்தின் மொத்தச் செலவில் மிகுதியும் அப்பிளுக்கே போகிறது. அதனை நாம் முணுமுணுக்காமற் கொடுக்கிறோம். கடைக்காரரிடம் பேரம் பேசுவதுமில்லை. மரமேறியிடம் வந்தவுடன் மட்டும் நமக்குச் சிக்கனம் நினைவுக்கு வருகிறது. அப்பிளின் விலை ஏறினாலும் இறங்கினாலும் மறு ஆண்டு கப்பல் வரும். 1977இலும் வந்தது, 2022க்குப் பின்னும் வந்தது. பாணி வாங்குவார் இல்லாமல் ஒரு முதியவர் கத்தியைச் செருகிவைத்துவிட்டால் அந்தத் தோட்டத்தில் புதிய கன்று நடுபவர் யார்? நடாத கன்றுக்காகப் பதினைந்து ஆண்டு கழித்து எந்தக் கப்பலை எதிர்பார்ப்பது?

நல்ல பாணியை எவ்வாறு அறிவது என்று கேட்பார்கள். கண்ணால் அறிய முடியாது. நிறத்தையும் குழைவையும் சீனியாலும் செய்துவிடலாம். ஆளை அறிந்து வாங்குவதே வழி. ஊர்ப்பக்கம் போகும்போது காய்ச்சும் வீட்டிலேயே வாங்குங்கள். முடியாதவர்கள் போகிறவரிடம் சொல்லிவையுங்கள். யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் இதே பண்டத்தைப் பனங்கட்டி போட்டுச் செய்வாராயின் நான் குறுக்கே நிற்கமாட்டேன். பனைக்கும் ஏறும் ஆள் குறைந்துவருகிறது. அங்கும் கதை ஏறக்குறைய இதுவே. பனங்கட்டியைத் துருவி, கஜுவோடு சேர்த்துப் பிசைந்து அடைக்கலாம். சுவை வேறு, தரத்தில் குறைவில்லை.

மா, பலா, வாழை விளையும் நாட்டில் அப்பிளுக்கு ஏன் இவ்வளவு உபசாரம், வாழைப்பழத்தையே பாணியில் வாட்டலாமே என்று இன்னொரு சாரார் கேட்பர். வாட்டலாம்; நன்றாகவே இருக்கும்; அன்னாசியும் அப்படியே. நான் அப்பிளை வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. அது தானாகவே வீட்டுக்கு வருகிறது. ஆசுப்பத்திரிக் கட்டிலிலிருந்தும் அர்ச்சனைத் தட்டிலிருந்தும் திரும்பிவந்து, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் தோல் சுருங்கிக் கிடக்கும் நான்கு பழங்களைப் பற்றியே பேசுகிறேன். மரியாதைக்காக வந்த பழம் ஒருவர் வயிற்றுக்கும் பயன்படாமற் குப்பைக்குப் போவது எந்த மரியாதை என்று விளங்கவில்லை.

சுட்ட பழத்தை இறக்கியவுடன் உண்ணக்கூடாது. உள்ளிருக்கும் பாகு நாவைப் பொசுக்கிவிடும். பத்து நிமிடம் ஆறட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பழம் என்று சிறு தட்டில் வைத்து, பக்கத்தில் இரண்டு கரண்டி எருமைத் தயிர். தயிர் குளிர்ந்திருத்தல் வேண்டும், பழம் இளஞ்சூடாக இருத்தல் வேண்டும். தயிர் ஆகாதவர்கள் தேங்காயின் முதற்பாலில் ஒரு சிட்டிகை உப்பிட்டு ஊற்றிக்கொள்ளலாம். பல்லில்லாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல அப்பிள் இல்லை. தோலை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் வழித்து உண்பார்கள். தட்டத்தின் அடியில் இறுகியிருக்கும் பாகில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கி எடுத்து வைத்துக்கொண்டால், மறுநாட் காலையில் பாணுக்குத் தொட்டுக்கொள்ள உதவும். எங்கள் வீட்டில் அது மறுநாட் காலை வரைக்கும் இருந்ததில்லை.